கத்தாமல் பேச ஓர் அறை

முட்டை அட்டையைப் பற்றி இனி யாரும் என்னிடம் பேசக் கூடாது. எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமை ரெக்கார்டிங் ரூமாக மாற்றப் போகிறோம் என்று நான் வாயைத் திறந்த நாளிலிருந்து, பால் ஊற்றுகிறவர் முதல் கீழ் வீட்டு ஓனரம்மா வரை எல்லாரும் சொன்ன யோசனை அது ஒன்றுதான். சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டிவிட்டால் சத்தமே வராதாம். ஓனரம்மா ஒரு படி மேலே போனார். "ஏம்மா, நம்ம பேக்கரிக்காரன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், எத்தன வேணும்னாலும் எடுத்துக்கோ" என்று ஏற்பாடே செய்துவிட்டார். நானும் வெட்கம் கெட்டுப்போய் இரண்டு நடை தூக்கிவந்து ஒட்டினேன். லாரி ஹாரன் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. பல்லிகளுக்குத்தான் நல்ல வீடு கிடைத்தது.

நாங்கள் இருப்பது ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டாவது தெரு. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகிற லாரிகள் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் வேகம் குறைத்து, கியர் மாற்றி, பிரேக் காற்றை 'புஸ்' என்று விட்டுவிட்டுத்தான் போகும். கல்யாணமாகி விருதுநகர் பக்கத்திலிருந்து இங்கே வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கு நான் திடுக்கிட்டு எழுந்து உட்காருவேன். அப்புறம் பழகிவிட்டது. எங்கள் மகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கி வளர்ந்தாள்.

அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகுதான் எனக்கு வீடு பிடிக்காமல் போனது. தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்த வேலையை அதற்கு முந்தைய வருடமே விட்டிருந்தேன். அந்த ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை; தப்பு யார் மேல் என்று கேட்டால் இப்போதும் அவர் மேல்தான் என்பேன். சும்மா இருக்கும்போது, பெங்களூரில் நாவல்களை ஒலிப்புத்தகமாக்குகிற ஒரு கம்பெனி தமிழ் வாசிக்க ஆள் தேடுவதாக மகள் சொன்னாள். போனிலேயே இரண்டு பக்கம் வாசித்து அனுப்பினேன். குரல் பிடித்திருக்கிறது, பின்னால் போகும் லாரிகள்தான் பிடிக்கவில்லை என்று பதில் வந்தது. சத்தமில்லாத இடத்தில் முதல் அத்தியாயத்தைப் பதிவு செய்து அனுப்பினால் முழு நாவலையும் தருவதாகச் சொன்னார்கள். முட்டை அட்டைப் படலம் அப்படித்தான் தொடங்கியது.

ஆனால் நான் சொல்ல வந்தது நாவலைப் பற்றி இல்லை. என் வீட்டுக்காரரின் காதைப் பற்றி.

அவர் காவேரிப்பட்டினத்துக்காரர். படித்து முடித்ததும் ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர், இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறார். தகட்டை அடித்து வளைக்கிற பெரிய பிரஸ் மிஷின்கள் வரிசையாக ஓடும் இடம் அது. அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, கையால்தான் பேச்சு. கட்டைவிரலை மேலே தூக்கினால் ஒன்று, உள்ளங்கையைத் தட்டினால் ஒன்று, மணிக்கட்டைத் தொட்டால் டீ நேரம். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு உருண்டைகள் கொடுப்பார்கள். புதிதாகச் சேர்ந்த வயதில் அவர் அதை வைத்ததில்லை, வைத்தால் மிஷின் மாறிக் கத்துவது தெரியாது என்று. மிஷின் நன்றாக இருக்கிறதா என்று சத்தத்திலேயே கண்டுபிடிப்பார் என்பது அவருக்கு ஷாப்பில் இருந்த பெயர். அந்தப் பெயருக்கு அவர் கொடுத்த விலை இப்போது எங்கள் வீட்டில் தெரிந்தது.

காது மந்தமாகிக்கொண்டே வந்தது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு நாளும் அவர் ஒத்துக்கொண்டதில்லை. ஃபேன் ஓடினால் நான் சொல்வது கேட்காது. குக்கர் விசில் அடித்தால் கேட்காது. முதுகைக் காட்டிக்கொண்டு நான் பேசினால் சுத்தமாகக் கேட்காது. "காது டாக்டர்கிட்ட ஒரு தடவ போயிட்டு வருவோம்" என்றால் மட்டும் அதிசயமாகக் கேட்டுவிடும். "என் காதுக்கு என்னா? வருசா வருசம் கம்பெனில டெஸ்ட் பண்றாங்க, பாஸு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. காதுக்கு மிஷின் வைக்கச் சொல்லிவிட்டால் பிரஸ் லைனிலிருந்து எடுத்து, சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்ஸில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. நான் யாரோடு பேசுவது என்ற பயம் எனக்கு. மகள் இருந்தவரை நான் அவளிடம் பேசினேன், அவள் அவரிடம் போய்ச் சொன்னாள். அவள் போன பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் சாப்பாடு, தண்ணி, கேஸ் இவ்வளவுதான் மிச்சம். அதையும் பாதி கைஜாடையில் முடித்துக்கொண்டோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் என் புருஷனை இழந்துகொண்டிருந்தேன். இதை வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஏதோ ஒரு விஷயத்தை நான்காவது தடவை சொல்லியும் அவர் "ஆங்?" என்றபோது, எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, "சரியான செவிடு!" என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன், கேட்காது என்ற தைரியத்தில். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மறந்துவிட்டேன். அவர் முகம் மாறியது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போல இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ச் டேப்பும் சாக்பீஸுமாக அவர் ஸ்டோர் ரூமில் நின்றார். முட்டை அட்டைகளை எல்லாம் கிழித்துக் கீழே போட்டிருந்தார்.

"இது சத்தத்த நிறுத்தாது. வெயிட்டு வேணும், நடுவுல கேப்பு வேணும்" என்றார். "உனக்கு நான் கட்டித் தர்றேன்."

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தவள், டீ போடப் போனேன்.

ஓனரம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சுவரில் ஓர் ஆணி இறங்கக் கூடாது. என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். "சுவத்தத் தொடவே கூடாது. தொட்டா அதிர்வு உள்ள வந்துரும். மிஷினக்கூட நாங்க ரப்பர் மேலதான் ஒக்கார வெப்போம்" என்றார். ரூமுக்குள் இன்னொரு ரூம், சுவரைத் தொடாமல், ரப்பர் பாய் மேல் நிற்கிற ஒரு பெட்டி. அவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தொழிற்சாலை மருத்துவ அறையில் காது டெஸ்ட் எடுக்க ஒரு பெட்டி இருக்கிறதாம். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் பிரஸ் ஷாப்பே இல்லாமல் போய்விடுமாம். "என் வாழ்க்கையில நான் பாத்த ஒரே அமைதியான எடம் அதுதான்" என்றார். வருடத்துக்கு ஒரு முறை அதற்குள் உட்கார்ந்து அதன் மூலைமுடுக்கெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

மூன்று ஞாயிறும், ஷிப்ட் முடிந்து வந்த மாலைகளும் அதிலேயே போயின. தகரச் சட்டம், அதன் இரண்டு பக்கமும் பிளைவுட், நடுவில் கண்ணாடிப் பஞ்சு. அந்தப் பஞ்சு இருக்கிறதே, தொட்டவனை விடாது. என்ன குளித்தாலும் அரிப்பு போகவில்லை. முழங்கைவரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தவருக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் கைகளை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கேட்டாலும் அவருக்குக் கேட்காது. எழுப்பிக் கத்தி மன்னிப்புக் கேட்பது எப்படி? சும்மா தடவிக்கொண்டிருந்தேன்.

கதவைத் தூக்கி மாட்ட இரண்டு பேரும் வேண்டியிருந்தது. இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே ரப்பர் ஷீட் வைத்த கனமான கதவு. ஓரத்தில் பழைய ஃப்ரிட்ஜிலிருந்து உருவிய ரப்பரைச் சுற்றியிருந்தார். அவர் கையாலேயே சொன்னார்: தூக்கு, இன்னும் கொஞ்சம், நில், இறக்கு. நானும் பிசகாமல் செய்தேன். கீல் உட்கார்ந்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அமைதியைச் சோதித்த விதம்தான் எனக்கு வலித்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றால் லாரி கேட்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியும். அவர் போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் இறங்கியதும் முகம் மலர்ந்தது. ஓர் அறை அமைதியாக இருக்கிறதா என்பதை அவர் காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று, "ரொம்ப நல்லா வந்திருக்குங்க" என்றேன். அவர் திரும்பவில்லை.

அந்த அமைதியில் ஒரு கோளாறும் இருந்தது. முதல் நாள் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கி நான்காவது பக்கத்தில் எனக்கு மூச்சு முட்டியது. புடவை நனைந்து, தலை கிறுகிறுத்து, அந்தக் கனமான கதவைத் தோளால் முட்டித் திறந்துகொண்டு வெளியே விழுந்தேன். காற்று வர வழியே வைக்கவில்லை மனிதர்! காது டெஸ்ட் பெட்டிக்குள் ஆள் இருப்பதே பத்து நிமிஷம். அதைப் பார்த்துக் கட்டியதால் அவருக்கு அது தோன்றவே இல்லை. "பொண்டாட்டிய பேக்கிங் பண்ணிட்டீங்க" என்று நான் கத்த, அவர் என் வாயைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வாரம் மூலையில் ஓட்டை போட்டு, உள்ளே பஞ்சு ஒட்டிய ஒரு வளைந்த பெட்டியைப் பொருத்தினார். காற்று வளைந்து வளைந்து உள்ளே வந்தது. லாரிச் சத்தத்துக்கு அப்படி வளையத் தெரியவில்லை.

மைக், ஹெட்ஃபோன், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு குமிழ் வைத்த ஒரு சின்னப் பெட்டி இதெல்லாம் மகள் தேர்ந்தெடுத்து அனுப்பியவை. முதல் அத்தியாயத்தை வாசித்து அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"மேடம், ரூம் சூப்பர். பின்னால ஒரு சத்தமும் இல்ல. யார் செஞ்சு குடுத்தாங்க?"

"என் வீட்டுக்காரர்" என்றேன் பெருமையாக.

"ஆனா மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நெனக்காதீங்க. நீங்க ஏன் கத்தறீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"முழுக்கக் கத்தறீங்க மேடம். அம்மா கொழந்தையத் தூங்க வெக்கற எடத்துலகூட. கேக்கறவங்க காதுக்குள்ள ஹெட்ஃபோன் இருக்கும். பக்கத்துல ஒருத்தர் ஒக்காந்திருக்கார்னு நெனச்சு, மெதுவா அவர்கிட்ட சொல்ற மாதிரி படிங்க. இன்னொரு தடவ அனுப்பறீங்களா?"

நான் ஏன் கத்துகிறேன்? இருபது வருடம் பிள்ளைகளை அதட்டியவள் நான், என் குரலைப் பற்றி எனக்கா சொல்லித் தருகிறாள் என்று கோபம் வந்தது. போய் உட்கார்ந்து அந்த இடத்தை மறுபடி வாசித்துப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்தேன். கத்தினேன். இன்னும் மெதுவாக வாசித்தேன். கத்தினேன். மூன்றாம் தடவை குரலை அடக்கினால் மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை. மெதுவாகப் பேசுவது எப்படி என்று எனக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாளே, என் பக்கத்தில் உட்காரும் ஒரே ஆளிடம் நான் இத்தனை வருடமாகப் பேசிய விதமே கத்தல்தான். லாரியையும் ஹாரனையும் வெளியே நிறுத்திவிட்டோம். இந்தச் சத்தத்தை நானே என் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தேன்.

நெடுநேரம் நான் வெளியே வராததைப் பார்த்து அவர் கதவைத் திறந்தார். "என்னா ஆச்சு? காத்து வரலியா?" என்று உரக்கக் கேட்டார். அந்தப் பெட்டிக்குள் அது இடி போல விழுந்தது.

"கத்துறேனாம். மெதுவாப் பேசணுமாம்."

"அவ்ளோதானா? என்கிட்ட பேசற மாதிரி பேசு, சரியாயிரும்" என்றார், அவ்வளவு ஆதரவாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதுதான் தெரியும், பாதியில் அழுகையாக மாறிவிட்டது. அவர் பயந்துபோய் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டு, "உங்ககிட்டப் பேசற மாதிரிதாங்க பேசுறேன், அதான் இப்படி ஆயிடுச்சு" என்றேன். அவருக்கு வாய் தெரியவில்லை. புடவையை மெல்ல விலக்கினார். நான் மறுபடி சொன்னேன். இம்முறை அவர் என் உதட்டைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். நான் அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, அந்தச் சனிக்கிழமை சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல" என்றார். "உண்மதான?"

அவர் வாயிலிருந்து அது வருவது அதுதான் முதல் தடவை. அப்புறம் மற்றதும் வந்தது. காது டெஸ்ட் பெட்டியில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. வெளியே உட்கார்ந்திருக்கும் நர்ஸ் சத்தம் போடக் குமிழைத் திருகும்போது அந்த நர்ஸின் தோள் லேசாக அசையும். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பட்டனை அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அழுத்தி வந்தாராம்.

"எத்தன வருஷமா?" என்றேன்.

நாலு விரலைக் காட்டினார். "இந்த வருசம் புது நர்சு. மத்தவங்களுக்கு டெஸ்ட் எடுக்கறதப் பாத்தேன், தோளே அசைய மாட்டேங்குது" என்றார். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

என்ன நினைத்தேனோ, கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் மாட்டினேன். சின்னப் பெட்டியில் ஒரு குமிழை மெல்ல மெல்ல ஏற்றினேன். அவர் திடுக்கிட்டு என் கையைப் பார்த்தார். "என்னா அது?" என்றார். என் வளையல் குலுங்கிய சத்தம். அவர் அப்படிக் கேட்ட சத்தமே மைக் வழியாக அவர் காதுக்குள் போயிருக்க வேண்டும். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் இப்டியா கத்தறேன்?" என்றார், இந்தத் தடவை மெதுவாக.

"இப்படித்தான்" என்றேன், நானும் மெதுவாக. மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தூங்குகிற குழந்தை எழுந்துவிடாமல் சொல்வது போல, "சாப்டீங்களா?" என்று கேட்டேன். கேட்க வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

"ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் கொரலு மாறிப்போச்சே புள்ள" என்றார். "கொஞ்சம் கம்மிப் போயிருக்குது. எப்ப ஆச்சு?"

"தெரியலைங்க. நானும் கவனிக்கல."

"நான் கேக்கவே இல்லியே" என்றார்.

என் மூச்சுச் சத்தம் அவருக்குக் கேட்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் புதுப்பெண் போலக் கூச்சமாக இருந்தது.

"மிஷின் வெச்சா இப்டிக் கேக்குமா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இவ்வளவு நல்லாக் கேக்குமான்னு தெரியலைங்க. ஆனா கேக்கும்."

அவர் யோசித்தார். ஸ்டோர்ஸ் நாற்காலி அவர் கண் முன்னால் வந்து போயிருக்கும். "சரி, நாளைக்கு லீவு சொல்லிடறேன். காலையிலயே டாக்டர்கிட்ட போயிடலாம்" என்றார். அப்புறம் ஹெட்ஃபோனைக் கழற்றப் போனவர், கழற்றாமல் இன்னும் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டார். "கொஞ்சம் பேசேன்."

"என்ன பேச?"

"எதுனா. பாப்பா போனதுக்கப்பறம் நீ என்கிட்ட சொன்னது, நான் ஆங்னு விட்டது. எல்லாம்."

எதை என்று தொடங்குவது? மகள் முதல் நாள் ஹாஸ்டலில் அழுதுகொண்டே போன் செய்ததைச் சொன்னேன். அதற்கும் முன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பேசிய பேச்சையும் சொன்னேன். மத்தியானத்தில் வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தேன், தூங்கிவிட்டாரோ என்று. அவர் தூங்கவில்லை, சரியான இடத்தில் "ம்" சொன்னார். பிளைவுட் சுவரில் தலையைச் சாய்த்து, இரண்டு கண்ணையும் நன்றாக மூடிக்கொண்டு, என் வாயைப் பார்க்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.